கழுவாத சவ்வு

1
இந்தக் கதை ஒரு தாளின் பின்பக்கத்தில் பிறந்தது. முன்பக்கத்தில் தட்டச்சு செய்த நான்கு வரிகள், கைநாட்டுக்கு ஒரு கட்டம். மேலாளர் கொடுத்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டார். போன வருடம்வரை அது சரிதான்.

முதல் தொடக்கம்: ‘அன்று காலை சூரியன் மெல்ல…’

(அடித்துவிட்டேன். எங்கள் ஆலைக் கொட்டகைக்குள் சூரியன் வருவதில்லை.)

2
தொட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதில் கிருமிகள் சர்க்கரையைத் தின்று பியூட்டனால் என்ற ஒருவகை எரிசாராயம் செய்கின்றன. அது சேரச் சேர அவற்றுக்கே நஞ்சு. அதனால் கரைசலை ஒரு மெல்லிய சவ்வின்மேல் ஓடவிட்டு, மறுபக்கமிருந்து உறிஞ்சுவோம். பியூட்டனால் ஆவியாகக் கடந்துபோய், குளிர்ந்து, குப்பியில் சொட்டும். கிருமிகள் பிழைக்கும்.

(இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பதினோரு வருடம் முகர்ந்த மூக்கு இது.)

3
மேலாளரைக் கொடியவராக எழுத ஆசைதான். கை வரவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே லீவு கொடுத்தவர். அதனால் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். சத்தமாக இருக்கிறது, ஓட்டத்தை நிறுத்து என்றார் மேலாளர்.

“நிறுத்தினா உடனே சவ்வைக் கழுவணும் சார். கசடு காஞ்சு அடைச்சுக்கும்.”

“தரையெல்லாம் ஈரமாயிடும்யா. அவங்க போகட்டும்.”

“அதுக்குள்ள காஞ்சிடும் சார்.”

“இன்ஜினியர் நீயா, நானா?”

அவர்கள் போக மூன்று மணி நேரம். பிறகு ஓட்டினோம், குப்பியில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் தொட்டி முழுக்கக் கிருமிகள் சாவு.

4
முன்பக்கத்து வரி: ‘கழுவ மறந்தது நானே.’

“கட்டை விரலை வை, ஒரு வாரம் சஸ்பெண்டோட போயிடும். வைக்கலேன்னா வேலையே போயிடும்” என்றார்.

மனைவியிடம் காட்டினேன். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவள் அவள்தான்.

“மறந்தீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன யோசனை? கல்யாண நாளைத் தவிர நீங்க எதை மறந்திருக்கீங்க?”

5
முடிவு ஒன்று: கைநாட்டு வைக்கிறேன். வேலை மிஞ்சுகிறது. ஒவ்வொரு நாளும் அந்தச் சவ்வைக் கழுவும்போது…

(முடிக்க மாட்டேன்.)

முடிவு இரண்டு: மேலாளர் தப்பை ஒப்புக்கொள்கிறார்.

(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

6
சார், இதன் முதல் வாசகர் நீங்கள்தான். தாளைத் திருப்பினால் கட்டம் காலியாக இருக்கும். கிழித்தால் உங்கள் நான்கு வரியும் சேர்ந்து கிழியும். மேலிடத்துக்கு அனுப்பினால் இரண்டு பக்கமும் போகும்.

முடிவு உங்கள் கையில். என் கையெழுத்து, இதோ, இந்தப் பக்கத்தில்.