சண்முகத்தாய் உள்ளேயா, வெளியேயா

தீபாவளி சீசன் சூடுபிடித்த பிறகு, சிவகாசி ஆபீஸிலிருந்த சர்வர் முற்பகலானால் திணற ஆரம்பித்தது. பில் போடுகிறவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் லோடு ஏற்றிய லாரிகள் பில்லுக்காக நின்றன. மானேஜர் மணிகண்டராஜ் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஏம்மா எழிலு, இன்னைக்கும் படுத்துருச்சா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி."

அந்தப் பட்டாசுக் கம்பெனியின் சர்வர் எழிலின் பொறுப்பு. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். மெமரி போதவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டாள், தாராளமாகவே இருந்தது. பிராசசரும் பாதி நேரம் சும்மாதான் இருந்தது. டிஸ்க் மட்டும் எதையோ ஓயாமல் படித்துக்கொண்டிருந்தது.

சர்வரிடம் யார் என்ன கேட்கிறார்கள் என்று காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பில் சம்பந்தப்பட்டதே இல்லை. நாரணாபுரம் பக்கம் இருக்கும், ஊரார் பயர் ஆபீஸ் என்று சொல்லும் கம்பெனிப் பட்டாசு ஆலையின் கேட்டில் ஆட்கள் கார்டு தேய்த்துவிட்டு உள்ளே போவார்கள், வருவார்கள். அந்த வருகைப் பதிவில் ஒரு பெயரைத் தேடும் கேள்வி அது. பெயர், சண்முகத்தாய். கேட்கிற கம்ப்யூட்டர் லோடு செக்‌ஷனில் இருந்தது.

பதிவு அட்டவணைக்கு யாரும் இன்டெக்ஸ் போட்டு வைத்திருக்கவில்லை. இன்டெக்ஸ் இருந்தால் சர்வர் அந்தப் பெயர் இருக்கிற இடத்துக்கு நேராகப் போயிருக்கும். இல்லாததால், கார்டு முறை வந்த காலத்திலிருந்து வந்துபோன அத்தனை பேரையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து புரட்டியது.

புரோகிராமில் ஏதோ கோளாறு, தானாகவே ஓடுகிறது என்று நினைத்துத்தான் எழில் லோடு செக்‌ஷனுக்குப் போனாள். அங்கே முனியராஜ் இருந்தான். ஒரு கையில் லாரிக்காரனின் சீட்டு, இன்னொரு கை கீபோர்டில். அவளைப் பார்த்ததும் திரையை மாற்றினான்.

"அண்ணே, சண்முகத்தாய்ங்கிறது யாரு?"

அவன் காது சிவந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரிதான். அங்கன மருந்து அடைக்கிற ரூம்ல இருக்கா. உள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்லா? அதான்... உள்ள இருக்காளா, வெளிய வந்துட்டாளான்னு..."

"உள்ளதான் இருப்பாங்க. சாயங்காலம்தான வருவாங்க?"

"தெரியும். தெரிஞ்சாலும் கை போயிருது." குனிந்துகொண்டான். "அதுனாலயா பில்லு நிக்கிது? இனிமே பாக்கல தங்கச்சி. அண்ணாச்சிட்ட சொல்லிராதீக."

அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை. வருகைப் பதிவுக்கு இன்டெக்ஸ் போட வேண்டும், போடும்போது கேட் கார்டு சற்று நேரம் வேலை செய்யாது என்று மட்டும் மணிகண்டராஜிடம் சொன்னாள். அவருக்குப் பயம்.

"சீசன் முடியட்டும்மா. ஓடுற வண்டியில கைய வைக்காத. பில்லு போடுற எடத்துல வருகைப் பதிவு என்னத்துக்கு? அந்த ஸ்கிரீன மூடி விட்டுரு."

மூட அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு பெரிய சத்தம், அதைத் தொடர்ந்து படபடவென்று சின்னச் சத்தங்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாரணாபுரம் பக்கம் வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எந்த பயர் ஆபீஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டுக்கு அடித்த போனை யாரும் எடுக்கவில்லை.

எழில் திரையைப் பார்த்தாள். சர்வர் அப்படியே நின்றுபோயிருந்தது. ஸ்டோரிலிருந்து, கணக்குப் பிரிவிலிருந்து, வாசல் மேசையிலிருந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதே கேள்வி. பெயர்கள்தான் வேறு வேறு. அம்மா, மதினி, தங்கச்சி என்று ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்தது. பதில் வராததால் எல்லாரும் மறுபடி மறுபடி கேட்டார்கள். கேட்கக் கேட்க டிஸ்க் இன்னும் திணறியது.

முனியராஜ் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

அவள் ஆபீஸின் எல்லா இணைப்புகளையும் துண்டித்தாள். பில், ஸ்டாக், வருகைப் பதிவுத் திரை, ஒன்றையும் விடவில்லை; கேட்டிலிருந்து வரும் இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து, "யாரும் கம்ப்யூட்டரத் தொடாதீக! எல்லாப் பேரையும் நானே பாத்துச் சொல்றேன்" என்று கத்தினாள். இன்றைக்கு உள்ளே போனவர்கள் யார், வெளியே வந்தவர்கள் யார் என்று மொத்தமாக ஒரே ஒரு தடவை கேட்டாள். தனியாக வந்த கேள்விக்குச் சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னது.

ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் கேட் நல்லபடியாக இருக்கிறது, கார்டு தேய்க்கிறார்கள். அவள் ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தாள். தங்கள் ஆளின் பெயர் கேட்டவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

சண்முகத்தாய்க்கு நேரே வெளியே வந்த நேரம் இல்லை.

"இன்னொருக்கா பாரு தங்கச்சி."

பார்த்தாள். இல்லை. மணிகண்டராஜ் வந்து முனியராஜின் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுபடி கேட்டாள். வட்டம் சுற்றியது.

"வந்துட்டாங்க அண்ணே! இப்பத்தான், இந்த நிமிசம்!"

முனியராஜ் திரைக்கு அருகில் குனிந்து அந்தப் பெயரை எழுத்துக் கூட்டுகிறவன் போலப் பார்த்தான். பிறகு சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

வெடித்தது வேறொரு கம்பெனியின் ரூம் என்று சற்று நேரத்தில் தெரிந்தது. ஆட்கள் கஞ்சி குடிக்க மரத்தடிக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இவர்களுடைய பயர் ஆபீஸில் முன்னெச்சரிக்கையாக எல்லாரையும் வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் லாரிகள் போன பிறகு மணிகண்டராஜே வந்தார். "அந்த இன்டெக்ஸப் போட்டுரும்மா. ஸ்கிரீன மூட வேண்டாம்." போகிறபோது நின்று, "எல்லாரும் பாக்குற மாதிரியே வையி" என்றார்.

அதன்பிறகு கேள்வி எத்தனை தடவை வந்தாலும் சர்வருக்கு உறைக்கவில்லை. கேட்ட கணமே பதில் வந்தது. பில்லுக்காக லாரி நிற்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் போனஸ் விஷயமாக ஆபீஸுக்கு வந்த ஒரு பெண் எழிலின் கதவைத் தட்டினாள். நகக்கண்ணில் வெள்ளிநிற மருந்து படிந்திருந்தது.

"நான் சண்முகத்தாய். அன்னைக்கு எம்பேர நீங்கதான் சொன்னீகளாமே. எங்கூட வேல பாக்குற அக்காவுக்கு மயக்கம். அவுகளத் தாங்கிக் கூட்டியாந்ததுல சொணங்கிருச்சு." தயங்கினாள். "இவுக தினமும் எம்பேரப் பாப்பாகளாம்ல? நெசமாவா?"

"நெசந்தான் அக்கா. சர்வரே படுத்துருச்சுன்னா பாத்துக்கோங்க."

"வீட்டுல இருந்தா ஒரு வார்த்த பேச மாட்டாக. சோத்தத் தின்னுட்டு டிவியப் பாப்பாக." சிரிக்கப் போனவள் சேலை நுனியால் கண்ணைத் துடைத்தாள். "அது எப்பிடித் தெரியும்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்கம்மா. அவுக என்னத்தப் பாக்காகன்னு நானும் பாக்குறேன்."

எழில் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.