வட்டத்துக்குள் ஈரம்

மலையடிவாரத்தில் அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் எப்போதும் அளவு டேப் தொங்கும். மரத்தைக் கண்டால் கட்டிப்பிடித்து இடுப்பளவு எடுக்காமல் விடமாட்டாள் என்று ஊரே கிண்டலடிக்கும். "எனக்கும் சட்டைக்கு அளவெடுங்கக்கா" என்று பஸ் டிரைவர் வம்புக்கு இழுப்பார். அவளும் சளைத்தவள் இல்லை. "உன் தொப்பைக்கு டேப் பத்தாதுப்பா" என்று திருப்பிக் கொடுப்பாள். அதெல்லாம் மகள் சாவதற்கு முன்னால். இப்போது டிரைவரும் கேட்பதில்லை, அவளும் ஜன்னலைவிட்டுத் திரும்புவதில்லை.

மொட்டையாகக் கிடந்த மலையில் நட்ட மரங்கள், காற்றிலிருக்கும் கரியை, அதாவது கார்பனை, எவ்வளவு இழுத்துத் தங்கள் உடம்பிலும் வேரிலும் மண்ணிலும் சேர்த்து வைத்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மலை முழுக்க அளக்க ஆயுசு போதாது. அதனால் அங்கங்கே சில வட்டங்கள் வைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் நிற்கும் மரங்களின் நெஞ்சுயரச் சுற்றளவும் அங்கிருக்கும் மண்ணும் தெரிந்தால் மலைக்கே கணக்குச் சொல்லிவிடலாம். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி தானியம் எடுத்துப் பார்க்கிற மாதிரி. ஆனால் அந்தப் பிடி யாரும் பொறுக்கி வைத்ததாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் வட்டத்தில் பெயிண்ட் அடிக்காமல், கல் நடாமல், நடுவில் ஒரு இரும்பு முளையை மண்ணுக்குள் அடித்து மூடிவிடுவார்கள். இடம் அளப்பவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

அளப்பவளுக்குச் சாப்பாடு கொண்டுவரும் அவள் சொந்த அண்ணனுக்கும் தெரியுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்தான் அந்த மலைக்குக் காவல்காரர். கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையைத்தான் கட்டிக்கொண்டேன் என்பார்.

இந்தக் கோடையில் திட்ட அதிகாரி அவளைக் கூப்பிட்டு, பக்கத்து வறட்டு மலைகளிலும் மழைக்கு முன் இதே மரங்களை நடப்போவதாகச் சொன்னார். "உங்க மலையைப் பார்த்துத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இவ்வளவு வறட்சியிலயும் நின்னிருக்கே." கூடவே ஒரு புது வேலையும் சொன்னார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளியிலிருந்தும் கொஞ்சம் மண் எடுக்க வேண்டும்.

முதல் வட்டத்தில் மண்ணெடுக்கும் குழாயை இறக்கி எடுத்தாள். கறுத்த மண், கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. வட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறக்கினாள். மாவு மாதிரி உதிர்ந்தது. ஊற்று ஏதாவது ஓடும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வட்டத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ஊற்று என்ன, இவள் வட்டங்களைத் தேடித் தேடியா ஓடும்?

கோடையில் இலையைக் கொட்டிவிடும் ஜாதி மரங்கள் அவை. மலை முழுக்கக் குச்சி குச்சியாக நின்றன. வட்டத்துக்குள் ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை. வெளியே ஒன்றைக் கீறினாள். காய்ந்த பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. விறுவிறுவென்று ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டே போனாள். எங்கோ ஒன்றிரண்டுதான் பச்சை. அளக்க அவள் மலையேறுவது கோடையில் மட்டும்தான். இந்தச் சவங்களுக்கு நடுவில்தான் போன கோடையிலும் நடந்து போயிருக்கிறாள், இலையுதிர்த்து நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டு. வட்டத்துக்கு வெளியே பார்ப்பது அவள் வேலை இல்லையே. அளக்கிறவர்களுக்கே உள்ள சாபம் இது.

அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்தார். சட்டை விலகியிருந்த தோளில், கம்பு அழுத்திக் காய்த்துப்போன தழும்பு தெரிந்தது.

"அண்ணா, இந்த மரங்களுக்குத் தண்ணி ஊத்துறியா?"

"முதல்ல சாப்பிடும்மா."

"ஊத்துறியான்னு கேட்டேன்."

அவர் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "ஊத்துறேன். கீழ குட்டையிலிருந்து, கம்புல ரெண்டு கேன் தொங்கவிட்டு."

"யாரு ஊத்தச் சொன்னா உன்ன?"

"யாரும் சொல்லல. மகள் போன அந்தக் கோடையில நீ இங்கதான் உக்காந்த. ஞாபகம் இருக்கா?"

அவளுக்குக் கையில் எறும்பு ஊர்ந்ததுதான் ஞாபகம் இருந்தது. காய்ச்சலில் மகள் போய், துக்கம் ஆறுவதற்குள் வேலைக்கு வந்தாள். இந்த வட்டத்தில் சில மரங்கள் செத்திருந்தன.

"'இதுங்களும் போயிருச்சா'ன்னு கேட்டுட்டு உக்காந்த. எழுந்திருக்கவே இல்ல. நான்தான் தூக்கிட்டு இறங்கினேன். அதுக்கப்புறம் எத்தனை நாள் சோத்தைத் தொடாம கிடந்த! அடுத்த தடவையும் மரம் செத்துக் கிடந்தா உன்னை மறுபடி எழுப்ப முடியுமோ என்னமோன்னு பயந்துட்டேன். மலை பூரா ஊத்த என் உடம்புல தெம்பு இல்ல. நீ தொடுற மரத்துக்காவது ஊத்துவோம்னு ஊத்தினேன்."

அவள் அந்தத் தோள் தழும்பையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபமும் வந்தது. "இதை நம்பி அந்த மலைங்கள்ல எல்லாம் இதே கன்னுகளை நடப்போறாங்கண்ணா. அத்தனையும் சாகும். அங்க யாரு கேன் தூக்குவா?"

அவர் தூக்கைக் கீழே வைத்தார். "சொல்லித்தான் ஆகணுமா?" என்றார். "தெரிஞ்சா என்னை இங்க வச்சிருக்க மாட்டாங்க."

அது அவளுக்கும் தெரியும். இந்த வயதில் இவர் எங்கே போவார்? வெளி மண்ணுக்கென்று வைத்திருந்த பை கையில் இருந்தது. வட்டத்துக்குள்ளிருந்து ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி அதில் போட்டால் தீர்ந்தது விஷயம். ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. குனிந்தாள். அள்ளவும் அள்ளினாள். அண்ணன் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த முதுகைப் பார்த்தாள். தான் திருடுவதைப் பார்க்காமல் இருக்க அண்ணன் திரும்பி நிற்க வேண்டுமா? மண்ணைக் கீழே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதிகாரிக்குப் போன் செய்தாள். அண்ணன் காது கேட்கவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பழைய வட்டங்களை விட்டுடுங்க. குலுக்கிப் போட்டுப் புது இடங்கள் அனுப்பறேன். நடறதை நிறுத்திடலாம்" என்றார் அதிகாரி. குரல் தணிந்தது. "உங்க அண்ணன் இனிமே அங்க இருக்க முடியாது. புரியுது இல்லையா?"

"புரியுது மேடம்."

புது இடங்கள் போனுக்கு வந்தன. முதல் இடம் மேட்டுக்கு அந்தப் பக்கம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அண்ணன் கேட்காமலே கூட வந்தார். அங்கே ஒரு மரமும் பச்சையாக இல்லை. செத்த மரத்தையும் அளந்துதான் ஆக வேண்டும். அதிலும் கரி இருக்கிறதே. அவர் நுனியைப் பட்டையில் அழுத்திப் பிடிக்க, அவள் சுற்றி வந்து அளவைப் படித்தாள். அவர் பயந்தபடி அவள் உட்கார்ந்துவிடவில்லை. அழுதாள், அழுதுகொண்டே அளந்தாள்.

"அப்போ நான் ஊத்தின மரமெல்லாம் கணக்குல வராதா?" என்று கேட்டார் அண்ணன்.

"வராது."

"அதுங்க உசுரோடதானேம்மா நிக்குது."

அவள் அடுத்த மரத்துக்கு நகர்ந்து, டேப்பின் நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"நானும்தான் உசுரோட நிக்கிறேன், உன்னால. அதையும் எந்தக் கணக்குலயும் எழுத முடியாதுண்ணா."