பெரியவர்கள் பேசும்போது

காலையில் முதல் வேலை டப்பியைத் திறப்பது. ஈரம் உறிஞ்சும் டப்பி. இரவு முழுக்க அதற்குள் கிடந்த காதுக் கருவியை எடுத்து, பேட்டரி மாட்டி, பச்சை விளக்கு மினுக்குகிறதா என்று அப்பா பார்ப்பான். மகளின் காதுக்குப் பின்னால் அதைச் செருகுவான். கருவியிலிருந்து ஓர் ஒயர். ஒயரின் நுனியில் சின்ன வட்டமாக ஒன்று. வீட்டில் அதற்குப் பெயர் பொத்தான். தலையில் வைத்தால் காந்தம் இழுத்து டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷன் செய்து தோலுக்கு அடியில் வைத்த மறுபாதி அங்கே இருக்கிறது.

பிறகு சோதனை. ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு "ஆ" என்பான். கேட்டதும் அவள் ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போடுவாள். "ஊ." மணி. "ஸ்ஸ்." மணி. எல்லாம் சரியாக விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். பால். சீப்பு. கோணல் வகிடு. செருப்பு. சோதனைக்குச் சொன்ன ஒலிகளைத் தவிர அந்த வீட்டில் அதுவரை ஒரு வார்த்தையும் பேசப்பட்டிருக்காது.

அவளை எல்லாரும் மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள் அவள் அம்மா. தேதி கிடைத்த பிறகு காய்ச்சலில் போய்விட்டாள். ஆபரேஷன் அறை வாசலில் அவன் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே எல்லாம் உடனடி. புதுக் கண்ணாடியை மாட்டியதும் பலகையின் கடைசி வரி தெரிந்துவிடும், வந்தவர் சிரித்துவிடுவார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தான். கருவியை முதன்முதலாக இயக்கிய அன்று மிளகு பயந்து அழுதாள். அவ்வளவுதான் நடந்தது. காதில் சத்தம் விழுவது வேறு, அது பேச்சாகப் புரிவது வேறு என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லித்தான் அவனுக்கு விளங்கியது.

பயம் தெளிந்ததும் மிளகுக்குச் சத்தத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. குழாய் சொட்டினால் போய் நிற்பாள். பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பாள். எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். எல்லாவற்றுக்கும் "என்னா?" என்பாள். சொற்களும் மளமளவென்று வந்தன.

பிறகு நின்றுபோயின. அதோடு பயிற்சிக்கு நடுவே பொத்தானைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிடவும் பழகிக்கொண்டாள். திரும்ப ஒட்டப் போனால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

"சார், இந்த வயசு திரும்ப வராது" என்றார் டீச்சர். "இப்படியே கழட்டிட்டு இருந்தா, உள்ள வச்சது சும்மாதான் கிடக்கும். வீட்ல என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே மேடம்."

அவன் பொய் சொல்லவில்லை. செய்தது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

மாடியில் குடியிருக்கும் கூடப்பிறந்த அக்காதான் அவன் வேலைக்குப் போனதும் மிளகைப் பார்த்துக்கொள்வாள். பாசக்காரி, வாய்க்காரி. "டேய் தம்பி, இந்த வீட்ல ஃபேன் ஒண்ணுதான் வாயைத் திறக்குது" என்பாள். அவளுக்கு அந்தப் பொத்தான் ரொம்பப் பிடிக்கும். "நம்மள எல்லாம் வெளிய போய் விளையாடுன்னு துரத்துனாங்க. உன் பொண்ணுக்கு அந்த அலைச்சலே இல்ல. டக்குனு எடுத்தா போதும், ரகசியம் ரகசியமாவே இருக்கும்."

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. இறந்தவள் பேச்சு வந்தால் எடுத்தார்கள். கடன், கல்யாணம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று எது வந்தாலும் எடுத்தார்கள். பேசி முடித்து ஒட்டினார்கள். அவனும் எடுத்தான். தலைவலி என்றால் எடுத்தான். அவள் "அம்மா?" என்று ஏதோ கேட்க வாயெடுத்தபோதும் ஒருமுறை எடுத்தான்.

அந்த வாரம் பயிற்சி அறையில் டீச்சர் அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டுப் பொம்மைகளைக் கொட்டினார். "இன்னிக்குப் பாடம் கிடையாது. அவ என்னதான் விளையாடுறான்னு பார்ப்போம்."

மிளகு இரண்டு பெரிய பொம்மைகளையும் ஒரு குட்டிப் பொம்மையையும் எடுத்தாள். களிமண்ணில் துளி கிள்ளி, ஒரு சட்டைப் பொத்தானைக் குட்டியின் தலையில் ஒட்டினாள். அதற்குச் சோறு ஊட்டினாள், வாய் துடைத்துவிட்டாள். டீச்சர் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அடுத்து, பெரிய பொம்மைகள் இரண்டையும் நெருக்கி உட்கார வைத்தாள். குட்டியின் பொத்தானைப் பிடுங்கினாள். குட்டியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெரிய தலைகள் இரண்டையும் ஆட்டி ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்துப் பேச வைத்தாள். சத்தமே இல்லை.

டீச்சர் குனிந்தார். "பாப்பாவுக்கு ஏன் கழட்டிட்ட?"

மிளகு, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள்.

"பெரியவங்க பேசு. பாப்பா வேணாம்."

அவன் வாட்ச் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"எப்பவாச்சும்தான் மேடம்" என்றான், யாரும் கேட்காமலே.

"எந்தப் பிள்ளையும் அட்டையப் பார்த்துப் பேசக் கத்துக்கிறதில்ல சார். முக்கால்வாசி ஒட்டுக் கேட்டுத்தான் கத்துக்குது. அடுக்களைப் பேச்சு, சண்டை, போன் பேச்சு, பாதி புரிஞ்சது, புரியாதது எல்லாம். அதைத்தான் நீங்க எடுத்து எடுத்து வச்சிருக்கீங்க. வீட்ல ஒண்ணும் பண்ணலைன்னீங்களே? அவ கழட்டுறதே நீங்க கத்துக் கொடுத்தது."

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா பின்னாலேயே வந்தாள். போனில் ஒரு பெண்ணின் படம். "டேய், நல்ல இடம் ஒண்ணு வந்திருக்கு. கோவப்படாம பாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அக்காவின் கை நீளவே இல்லை. அதற்குள் மிளகு எழுந்தாள். தானே பொத்தானை எடுத்து, அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. முரண்டு இல்லை. தட்டு வைத்தால் சாப்பிட உட்காருவது மாதிரி அவ்வளவு பழக்கமாகச் செய்தாள்.

"பாருடா, எவ்ளோ சமத்து!" என்றாள் அக்கா.

"சமத்து இல்லக்கா."

அவன் பொத்தானை வாங்கினான். மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதைக் காட்டினான். அவளாகத் தலையை நீட்டும்வரை காத்திருந்தான். கொஞ்ச நேரம் ஆயிற்று. டக்.

"டேய், அவ முன்னாடியேவா?"

"அவ முன்னாடிதான். இது சுவிட்ச் இல்லக்கா, இவ காது. நம்ம காதை ஒருத்தர் கழட்டி வச்சுட்டு நம்மளப் பத்திப் பேசுனா விட்டுருவோமா? ஆபரேஷன் பண்ணிக் கேட்க வச்சுட்டு, நம்ம வசதிக்கு நம்மளே இவளைச் செவிடாக்கிட்டு இருக்கோம். கேட்கக் கூடாத பேச்சுன்னா நம்ம எழுந்து போவோம். இல்ல, பேசாம இருப்போம். இவ காதைக் கழட்ட நமக்கு உரிமை இல்ல."

"அப்ப உன் பொண்டாட்டி பேச்சு வந்தா?"

"வரட்டும்."

மிளகு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவுக்குப் பாடவே வராது" என்றான். "ஆனா துணி துவைக்கிறப்ப பாடாம இருக்க மாட்டா."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அது பாட்டாடா? எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கிட்டது ஞாபகம் இருக்கா?"

"சாத்துனதும் அவ இன்னும் சத்தமா எடுத்தா."

"மறுநாள் அந்த மனுஷன் வந்து, அம்மா தாயே, எவ்வளவு துணி இருந்தாலும் என் வீட்டு மெஷின்ல போட்டுக்கங்கன்னாரே!"

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. நடுவில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டான்.

அதுவரை மிளகின் தலை அவன் பக்கமும் அத்தை பக்கமும் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தது. பாதிகூடப் புரிந்திருக்காது. கை ஒருமுறை பொத்தானுக்குப் போனது. அதை இன்னும் அழுத்தி ஒட்டிக்கொண்டாள். அவன் முழங்காலைத் தட்டினாள். பயிற்சி அட்டை எதிலும் இல்லாத, யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"அப்புறம்?"