பின்னாடி மாத்திக்கலாம்

சனிக்கிழமை மத்தியானம் சொல்தா வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது சந்திரகலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரின் வீடு அது. அந்தத் தெருவில் டெலிபோன் இருந்த ஒரே வீடும் அதுதான். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

மறுமுனையில் ஆதிமூலம். மெட்ராசில் ரேஸ் கார் வேலை பார்ப்பவர், அவள் புருஷன் கோவிந்தராசுவின் காருக்கு யோசனை சொல்பவர், வேறு வேலையாகக் கோயமுத்தூர் போய் அங்கிருந்து டிரங்கால் போட்டிருந்தார்.

"தங்கச்சி, நான் அனுப்பின ஷாக் அப்சர்பரை மாட்டிட்டானா கோவிந்தராசு? ஓட்டிப் பாத்தானா?"

"இல்லையேண்ணே. நாளைக்கு ரேசுன்னு அவங்க காலையிலேயே வண்டியை லாரியில ஏத்திக்கினு போயிட்டாங்க. நீங்கதானே பின்னாடி மாத்திக்கலாம்னு சொன்னீங்க?"

டிரங்காலின் இரைச்சலுக்கு மேலே அவர் கத்தினார்.

"அய்யோ, பின்னாடின்னா பின்னாடிம்மா! பின்சக்கரம்! முன்சக்கரத்துல இருக்கிறது இருக்கட்டும், பின்சக்கரத்துக்கு மாத்துங்கன்னு சொன்னேன்!"

புதன்கிழமை அவர் பேசிய வாக்கியம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. 'முன்னாடி இருக்கிறது இருக்கட்டும், பின்னாடி மாத்திக்கலாம்.' அதைத்தான் அவள் வீட்டுக்கு வந்து, "இப்போதைக்கு இருக்கிறதே இருக்கட்டுமாம். அப்புறமா மாத்திக்கலாமாம்" என்று சொன்னாள். விளக்கமாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது அது.

அடுத்த நாள் பஸ்ஸில் பார்சல் வந்தது. உள்ளே இரண்டு ஷாக் அப்சர்பர்கள். கோவிந்தராசு அவற்றைப் பழசோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். நாலு விரற்கடை குட்டை. "அளவு தப்பா அனுப்பிட்டாரு. அதான் அப்புறம் பாத்துக்கலாம்ன்றாரு" என்று கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். கூட வேலை செய்யும் ராஜாங்கமும் ஆமாம் போட்டான்.

அவள் அதைச் சொன்னதும், "குட்டையா இருக்கிறதுதான் தங்கச்சி மருந்தே" என்றார் ஆதிமூலம். "அது ஹெரால்டு கார் அச்சு. வளைவுல பயந்து ஆக்சிலேட்டரை விட்டா பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்ளே மடங்கிக்கும். அப்புறம் உருள வேண்டியதுதான். குட்டை ஷாக்கு அதைக் கீழே எறங்க உடாது. போன மாசம் பிராக்டீஸ்ல நான் பாத்தேன். ரெண்டு தடவை மடங்கி நிமிந்துச்சு. அவனுக்கே தெரியல."

"தந்தி குடுத்துடட்டுமா?"

கேட்டவுடனே அவளுக்கே தெரிந்துவிட்டது, பிரயோஜனமில்லை என்று. போன வருஷம் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ரேஸ் நடக்கும் சோழவரத்துக்குத் தந்தி கொடுத்து அவனை வரவழைத்தவள் அவள். அவன் அலறியடித்து வந்தபோது பெண் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. ரேஸ் ஓடக்கூடாது என்பதற்காக அவள் சொன்ன பொய் அது. இனி அவள் பேரிலோ அவளுக்காக வேறு யார் பேரிலோ எந்தத் தந்தி போனாலும் கோவிந்தராசு சிரித்துக்கொண்டே கிழித்துப் போடுவான்.

பெண்ணைப் பக்கத்து வீட்டு அமிர்தவல்லியிடம் விட்டுவிட்டு, ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு ஷாக்குகளும் ஒரு பழைய லுங்கியில் சுற்றி மடியில் இருந்தன. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதாக நினைத்து ஒருத்தர் இடம் கொடுத்தார்.

இந்த ரேஸ் ஓடக்கூடாது என்று அவள் இந்தத் தடவை நினைக்கவில்லை. அவன் வேலை பார்த்த மில் கதவடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மெட்ராசில் ஒரு கார் கம்பெனி மேனேஜர், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கோவிந்தராசுவைத் தன் டெஸ்ட் டிரைவராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முந்தாநாள்தான் அவள் முத்தாலம்மன் கோயிலில் அவன் ஜெயிக்கணும் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். அவன் ஓடணும். ஆனால் உயிரோடு இறங்கணும். இரண்டும் அவள் மடியில்தான் கிடந்தன. பஸ்ஸோ திண்டிவனத்தில் டயர் மாற்றிக்கொண்டு நின்றது.

சோழவரத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. யுத்த காலத்து விமான ஓடுதளம். பார்க்கும் இடமெல்லாம் ஜனம். மைக்கில் யாரோ இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார். கார்கள் நிற்கும் இடத்துக்குள் விட மாட்டேன் என்றான் வாசலில் நின்றவன்.

"என் வூட்டுக்காரரு ஓட்டறாருங்க. சாமான் கொண்டாந்திருக்கேன்" என்று லுங்கியைப் பிரித்துக் காட்டினாள். அவன் உள்ளே விட்டுவிட்டான்.

கார் சிவப்பாக, பொம்மை மாதிரி நின்றது. ஹெரால்டின் உடம்பை வெட்டியெறிந்து, பைபர் ஓடு கவிழ்த்து, இரண்டு வருஷமாக முதலியார்பேட்டைக் கொட்டகையில் அவர்கள் செய்த கார். கோவிந்தராசு அவளைப் பார்த்ததும் ராஜாங்கத்திடம் திரும்பினான்.

"பாத்தியாடா? இந்த வருஷம் தந்தியே நடந்து வந்துடுச்சி."

"யோவ், கிண்டல் பண்ணாத. ஆதிமூலம் அண்ணன் பேசினாரு." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பின்னாடி என்றால் என்ன, குட்டை ஏன், சக்கரம் எப்படி மடங்கும். தான் தப்பாகச் சொன்னதையும் சொன்னாள்.

"நல்லாத்தான் சோடிச்சிருக்க. யார் சொல்லிக் குடுத்தது?"

"ஓடாதன்னு சொன்னேனா? ஓடு. ஜெயிச்சிட்டு வா. இதை மாட்டிக்கினு ஓடுய்யா, உன் காலைப் புடிக்கிறேன்!"

ராஜாங்கம் ஒரு ஷாக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, அண்ணி ஒண்ணும் இதையெல்லாம் சோடிக்க முடியாது. அந்த ஆர்ச் வளைவுல பின்பக்கம் தூக்குதுன்னு நீதானே நேத்து சொன்ன?"

கோவிந்தராசு மணியைப் பார்த்தான். "கால் மணி நேரம் இருக்கு. சீக்கிரம் ஆவட்டும்."

ராஜாங்கம் படுத்து உள்ளே போனான். இடது பக்கப் பழைய ஷாக்கைக் கழற்றி வெளியே தள்ள, சந்திரகலா எடுத்து வைத்துக்கொண்டாள். சக்கரத்துக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் புதுசை மாட்டினான். பொருந்தியது. வலது பக்கம் போனான். அடி போல்ட்டு அசையவில்லை. ஸ்பேனருக்குப் பைப் போட்டு இழுத்தான். கோவிந்தராசும் குனிந்து சேர்ந்து இழுத்தான். நட்டின் முனைகள் மழுங்கி, ஸ்பேனர் வழுக்கி, ராஜாங்கத்தின் விரல்முட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

மைக்கில் நம்பர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"இப்படியே போயிடறேன்" என்று தலைக்கவசத்தை மாட்டினான் கோவிந்தராசு.

"ஒரு பக்கம் குட்டை ஒரு பக்கம் நீளமா? மொத வளைவு தாண்ட மாட்டண்ணே."

"அப்ப பழசை மாட்டுடா! புதுசைக் கழட்டு! ரெண்டு நிமிஷ வேலை. எங்க பழசு? சந்திரா, அதைக் குடு!"

பழைய ஷாக்கு அவள் கையில் இருந்தது. எண்ணெய் கசிந்து முந்தானையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தலைக்கவசத்துக்குள் அந்த முகம் சின்னதாக, வேர்த்து, பசியோடு இருந்தது. எட்டு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கும் பசி.

"குடுன்றேன்ல!"

அவள் திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள். பின்னால் அவன் பேர் சொல்லிக் கத்துவது கேட்டது. வாசலைத் தாண்டி, ஐஸ் வண்டியைத் தாண்டி, சவுக்குக் கட்டைகளில் தொற்றிக்கொண்டிருந்த ஜனங்களுக்குள் புகுந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தாள். ஷாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள். இன்ஜின்கள் எல்லாம் ஒன்றாக உறுமின. ஜனம் ஓவென்று கத்தியது. அப்போதுதான் நின்றாள்.

அவன் அவளைக் கண்டுபிடித்தபோது கார்கள் முதல் சுற்றைப் பாதி கடந்திருந்தன. அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"வேலை போச்சு" என்றான்.

"போச்சு."

"அந்த மேனேஜர் அங்கதான் நிக்கறாரு. நான் ஏன் வரலன்னு கேட்டா இன்னா சொல்றது? என் பொண்டாட்டி ஷாக்கைத் தூக்கிக்கினு ஓடிட்டான்னா?"

அவன் தரையிலிருந்து ஒரு சரளைக்கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கோபமே இல்லாத குரலில் கேட்டான்:

"நான் கவுந்திருப்பேன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது" என்றாள் சந்திரகலா.

வளைவில் சத்தம் எழுந்தது. இரண்டு பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். கார்கள் ஒன்றை ஒன்று முட்டுவதுபோல் வந்தன, சாய்ந்தன, நிமிர்ந்தன, நேராகப் போய்விட்டன. ஒன்றுகூடக் கவிழவில்லை.