போர்டில் எழுதிய சாப்பாடு

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செவந்தி மெஸ் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. எந்த வாத்தியாருக்குக் காரம் ஆகாது, எந்தக் கண்டக்டருக்கு மீனில் வால்பக்கம் வேண்டும் என்பதெல்லாம் செவந்திக்கு விரல் நுனியில். ஊரார் வயிறு அத்தனையும் தெரிந்தவளுக்கு வீட்டுப் பெரியவரின் வயிறு மட்டும் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

பெரியவர் ரெங்கசாமி அவளுடைய மாமனார். எழுபத்து மூன்று வயது. பந்தியில் இலை போடுவதும் தண்ணீர் வைப்பதும் ரசம் ஊற்றுவதும் அவர் வேலை. ஒரு வருஷமாக ஆள் தடுமாறினார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரைப் பிடித்து மறுபடி உட்காரவைத்து இலை போட்டார். ரசம் கேட்டவருக்கும் ரசம், கேட்காதவருக்கும் ரசம். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், செவந்தியும் சேர்ந்து சிரித்தாள். போன மாதம் திருவரங்குளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்ட கண்டக்டருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அழுதிருக்கிறார். தெரிந்தவர்கள் கூட்டி வந்து விட்டார்கள். அதோடு சிரிப்பு நின்றது.

செவந்தியும் அவள் கணவன் முனியசாமியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். புதுக்கோட்டையில் டாக்டரிடம் காட்டுவது, மறதி நோய்தான் என்று சொல்லிவிட்டால் திருச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது. அடுப்பையும் பார்த்து ஆளையும் பார்க்க முடியாது என்றாள் செவந்தி. முனியசாமி தலையாட்டினான். பெற்ற மகனே தலையாட்டும்போது வந்தவளை மட்டும் குறை சொல்வானேன்.

டாக்டரம்மா பெரியவரிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். ரெங்கசாமி மருமகளின் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்றுக் கழித்து அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் செவந்தியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா தினமும் என்ன சாப்பிடுறாங்க?"

செவந்தி யோசித்துப் பார்த்தாள். மெஸ் நடத்துகிற வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆளும் எழுந்த பிறகு, மூன்றரை மணிக்கு, மிஞ்சியதை வைத்துத்தான் வீட்டார் சாப்பிடுவது. மீனும் முட்டையும் கீரையும் இரண்டு மணிக்கே காலியாகிவிடும். செவந்தியும் முனியசாமியும் உப்புப் பார்க்கிற சாக்கில் அடுப்படியிலேயே இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். பந்தியில் நிற்கிற பெரியவருக்கு ரசமும் சோறும்தான். இரவுக்குக் கடுங்காப்பியும் பன்னும். மாமியார் அமிர்தவல்லி இருந்தவரை, கடை திறக்கும் முன்பே அவர் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுவாள். அவள் செத்து மூன்று வருஷம். அந்தப் பங்கும் அவளோடு போயிற்று.

இதை எந்த வாயால் சொல்வது? பக்கத்தில் நின்ற நர்ஸ் வேறு, "ஆலங்குடி செவந்தி மெஸ் இவங்கதான் டாக்டர். எங்க வீட்டுக்காரரு அங்கதான் சாப்பிடுவாரு" என்று சிரித்தாள்.

"காலையில இட்லிங்க," என்றாள் செவந்தி. "மத்தியானம் மீன் குழம்பு, முட்டை, கீரைக்கூட்டு, மோருங்க. ராத்திரிக்குத் தோசை." வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று. பாதி சொன்ன பிறகுதான், கடை வாசலில் தினமும் சாக்பீஸால் எழுதுகிற போர்டை ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அப்படிங்களா ஐயா?"

"ஆமாங்க," என்றார் ரெங்கசாமி. "எம்மருமக நல்லாக் கவனிச்சுக்கும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "வயசானவங்களுக்குச் சாப்பாட்டுல குறை இருந்தாலும் மறதி வரும்மா. சில சத்து மீன், முட்டை, பால்லதான் கிடைக்கும். அந்தக் குறைன்னா ஊசி போட்டு, சாப்பாட்டையும் மாத்தி ஓரளவு மீட்டுடலாம். உங்க வீட்டுல அந்தக் குறை இல்ல. திருச்சிக்குப் போயி மூளைய ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. இது பெரிய நோயா இருக்குமோன்னுதான் எனக்குப் படுது."

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நினைத்தபடியே முடிந்துவிட்டது, இல்லத்துக்குப் போன் போட வேண்டியதுதான் பாக்கி. படி இறங்குவதற்காக மாமனாரின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டு அவள் விரல்களுக்குள் அடங்கிப் போயிற்று. ஒரு மனுஷனின் புத்தியைப் பட்டினி போட்டுவிட்டு, அதற்கு நோய் என்று பேரும் எழுதி வாங்கிக்கொண்டோமே என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிட, தன் பொய்க்கு அவர் ஆமாம் போட்டதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சா தாயி?" என்றார் அவர்.

"இல்ல மாமா. திரும்ப உள்ள போவோம், வாங்க."

உள்ளே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று செவந்தி நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் சொன்னதெல்லாம் எங்க கடை போர்டுல எழுதிப் போடுறதுங்க. மாமா சாப்பிடுறது இல்ல. அவங்களுக்கு ரசஞ்சோறுதான். மூணு வருஷமா அதேதான்."

நர்ஸின் முகத்தில் சிரிப்பு இல்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தின சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். "முதல்ல இதைப் பார்த்துடுவோம். முழுசாத் திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது," என்றார். பிறகு பெரியவரைப் பார்த்து, "ஏங்க ஐயா, நீங்களாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

கிழமை தெரியாத மனுஷன் இதற்கு யோசிக்கவே இல்லை.

"கேட்டேங்க. அமிர்தவல்லி கருமாதி முடிஞ்சு கடை தொறந்த அன்னிக்குக் கேட்டேன். ஒரு துண்டு மீனு இருக்குமா தாயின்னேன். மிஞ்சுனாத் தாரேன் மாமான்னுச்சு." மருமகளைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அது மேல தப்பில்லீங்க. மிஞ்சல."