கழுத்து டெஸ்ட்

எங்கள் பகுதி மருத்துவமாது வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னார். "நாப்பத்தஞ்சு வயசாச்சுதானே, வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ. கர்ப்பப்பைக் கழுத்து டெஸ்ட். அதுக்கு முதல் ரெண்டு நாளும் புருசனோட சேராதீங்கோ. உள்ளுக்க மருந்து ஒண்டும் வைக்காதீங்கோ."

அவர் போனதும் என் கணவர் கிளைவ், டீ.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னவென்று கேட்டார்.

"கழுத்து டெஸ்ட்," என்றேன்.

சொல்லின் முன்பாதி வாயில் வரவில்லை. என் அம்மா அந்த இடத்துப் புற்றுநோயில்தான் செத்தார். எங்கள் ஊர் கொட்டாஞ்சேனை முழுக்க அதை வயிற்று வருத்தம் என்றே கதைத்தது. டொக்டரிடம் கொண்டுபோகும்போது எல்லாம் முற்றிவிட்டது. அதனால் எனக்குப் பயம். எது நடந்தாலும் இந்த டெஸ்டைச் செய்வதென்று முடிவெடுத்திருந்தேன். முடிவு திடமாக இருந்தது, நாக்குத்தான் ஒத்துழைக்கவில்லை.

கிளைவ் மேல்மாடியில் இருக்கும் தன் அக்கா டோரினிடம் சொன்னார். டோரின் மச்சாள் செபக் கூட்டத்தில் சொன்னார். பொழுதுபடுவதற்குள் என் கழுத்து ஒழுங்கை முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. ஒருத்தி தைலம் தந்தாள். இன்னொருத்தி போனைக் குனிந்து பார்ப்பதால் வந்த வினை என்றாள். மச்சாள் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காக என் தொண்டையில் பிடித்து, புனித பிளேசியாரை மன்றாடினார். பிளேசியார் தொண்டைக்குத்தான் பொறுப்பு. என் விஷயம் அவருடைய பகுதிக்கு வெகு தூரம் தெற்கே இருந்தது. இருந்தாலும் ஆமென் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை தனியாகப் பாய் போட்டேன்.

"கழுத்துக்கும் இதுக்கும் என்ன?" என்றார் கிளைவ்.

"மெத்தை கூடாதாம்."

மனுசன் நம்பிவிட்டார்.

புதன் பின்னேரம் மச்சாள் உற்சாகமாக இறங்கி வந்தார். "யூஜினா, ஹெந்தளையில ஒரு சிங்கள வைத்தியர், கழுத்துப் பிடிக்கிறதில விண்ணர். நாளைக்குக் காலமை வரச் சொன்னவர். வேனும் சொல்லிட்டன்."

"நாளைக்குக் கிளினிக்," என்றேன்.

"கிளினிக்குக்கு இன்னொரு நாள் போகலாம்தானே," என்றார் கிளைவ்.

இன்னொரு நாள், இன்னொரு நாள் என்றுதான் அம்மாவையும் வீட்டில் வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அது இந்தக் கழுத்து இல்ல மச்சாள். கர்ப்பப்பைக் கழுத்து. கீழ, உள்ளுக்க இருக்கிறது. அதில புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கோ எண்டு பாக்கிற டெஸ்ட்."

கிளைவுக்கு உடனே தண்ணீர் மோட்டர் போடும் ஞாபகம் வந்தது. எழும்பிப் போய்விட்டார்.

மச்சாள் கதிரையில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதிலயிருந்து ரத்தம் வருமோ?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"எனக்கு மாதவிடாய் நிண்டு எத்தினையோ வருசம். ஈஸ்டருக்குப் பிறகு திரும்பவும் துணியில படுது. தம்பியிட்ட மூலம் எண்டு சொல்லி வெச்சிருக்கிறன். நேர்த்தியும் வெச்சிட்டன்."

எந்தப் புனிதருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். ஊருக்கெல்லாம் செபம் சொல்லும் மனுசி, இத்தனை மாதமாகத் தன் துணியைத் தானே ஒளித்துத் தோய்த்திருக்கிறார்.

"சாரியை மாத்துங்கோ மச்சாள். இதுக்கு டெஸ்ட் நாள் பாத்துக்கொண்டிருக்கேலாது. இப்பவே டொக்டரிட்டப் போவம்."

அவர் எழும்பவில்லை. "அங்க போய் என்னெண்டு சொல்றது?"

"நான் சொல்றன்," என்றேன்.