ஊதாத் தொப்பிக்குக் கீழே

"பிரதிநிதித்துவம்" என்று சொல்லும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது ஓவியர் கார்வின் பெட்டிஃபோர்டின் வழக்கம். கறுப்பின மக்கள் வாழும் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் அவர் வரைந்த சுவர்கள் சில. அவற்றைப் பற்றி அவர் ஆற்றிய உரைகள் பல.

அன்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் அவருடைய புதுச் சுவரோவியத்துக்குத் திறப்பு விழா. அங்கே அதுவரை தொங்கிக்கொண்டிருந்தவர் பொன்முடியும் நீலக்கண்ணுமாக ஓர் இயேசு. அவரைக் கீழே இறக்கக் கார்வின் ஒரு வருஷம் வாதாட வேண்டியிருந்தது.

"என் புருஷன் ஓடிப்போனப்ப நான் அழுததெல்லாம் அந்த நீலக்கண்ணுக்காரர்கிட்டதான். அவர் ஒருநாளும் மூஞ்சி சுளிச்சதில்ல," என்றாள் வெர்னீட்டா. வெள்ளைக் கையுறையோடு வாசலில் நின்று சபையாரை உட்காரவைப்பவள். பாஸ்டரே அவளிடம் வாய் கொடுக்கமாட்டார். கார்வின் கொடுத்தார், ஜெயித்தார்.

இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொடங்கினார். "இத்தனை காலமா நம்ம மூஞ்சியை அடுத்தவன் வரைஞ்சான். ஒண்ணு கோமாளியாக்கினான், இல்ல வெள்ளையாக்கினான்!"

"சொல்லுப்பா, சொல்லு!" பின்வரிசை எடுத்துக்கொடுத்தது.

"இன்னைக்கு நம்மளை நாமளே பாக்கப்போறோம். உள்ளது உள்ளபடி!"

"ஆமென்!" என்றார் பாஸ்டர், கொஞ்சம் அவசரமாக. சமையலறையில் பொரித்த கோழி ஆறிக்கொண்டிருந்தது.

சுவரை மூடியிருந்த திரை விழுந்தது. கறுத்த இயேசு, அவரைச் சுற்றிப் பந்தியில் சீடர்களோடு சபையார், ஒவ்வொரு பெண்மணி தலையிலும் அவளவளுடைய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. கூடம் கைதட்டி அதிர்ந்தது. ஆளாளுக்குத் தன்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கூவினார்கள்.

ஆர்லீன் மட்டும் தேடிக்கொண்டே இருந்தாள். கார்வினின் அக்கா. அம்மா போனபின் தபால் நிலையத்தில் இரவு வேலை பார்த்து அவரை ஓவியப் பள்ளிக்கு அனுப்பியவள். அந்தச் சபையிலேயே அவளைவிடக் கறுத்தவர் கிடையாது.

"தம்பி, நான் எங்கடா?"

"பேதுருவுக்குப் பக்கத்துல பாருக்கா. ஊதாத் தொப்பி."

"தொப்பி என்னோடதுதான். அதுக்குக் கீழ இருக்கிறவ யாரு?"

தொப்பிக்குக் கீழே தேன் நிறத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் லூசியானாவுல இருக்கிற உங்க சித்தி மகள்னு நெனச்சேன்," என்றாள் வெர்னீட்டா.

"அது வந்து, ஜன்னல் வெளிச்சம்க்கா. ஓவியத்துல வெளிச்சம்னு ஒண்ணு..."

"என் மேல மட்டுமாடா விழுந்துச்சு?"

கார்வின் சுவரைப் பார்த்தார். அதே ஜன்னலுக்குக் கீழே அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்த டீக்கன், சபையின் மூத்த ஊழியர், நல்ல கறுப்பாக, கம்பீரமாகவே இருந்தார். மற்ற ஆண்களும் அப்படியே. மாதக்கணக்கில் தினமும் பார்த்த சுவர். இதை மட்டும் பார்த்ததில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"உன்னை அழகா வரையணும்னுதான்கா..."

சொன்னது பாதியிலேயே அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கூடம் முழுக்கவும் விழுந்தது. எடுத்துக்கொடுக்கப் பின்வரிசையில் ஆள் இல்லை. வெர்னீட்டாகூடக் கையுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆர்லீன் தான் சமைத்துக் கொண்டுவந்திருந்த மக்ரோனித் தட்டைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாப்பாட்டின்போது யாரோ வந்து, தங்கள் சபைக்கும் வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள். கார்வின் கோழியைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில், தபால் நிலையச் சீருடையோடு, அவர் வண்ணங்களோடு காத்திருந்த கூடத்துக்கு வந்தாள். மடக்கு நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ம். பாரு."

பார்த்தார். கறுப்புக்குள் நீலம் ஓடியது, கன்னத்தில் சிவப்பு இருந்தது. நிறங்களைக் குழைத்தார். நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று கை தானாக வெள்ளை வண்ணக் குழாயை எடுத்து மூடியைத் திருகியது.

"தம்பி," என்றாள் ஆர்லீன். "அது எதுக்குடா?"

அவருக்குக் காது சுட்டது.

"மூடி வச்சுட்டு வரை. எனக்கு நேரமாச்சு."

மூடினார். முகத்தில் தொடங்கத் துணிவில்லாமல், காது மடலிலிருந்து தொடங்கினார்.